ஓட்டமும் காவடியும்
(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



வருகின்ற ஞாயிற்றுக்கிழமை நமதூரில் நடக்கவிருக்கும் ஓட்டத்தைப் பற்றிப் பேசும்படி இவ்வூர் வாலிபர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். புற்றுநோய் கண்ட குழந்தைகளின் வைத்தியத்துக்காகப் பணம் சேர்க்கும் ஓட்டம் அது. நான் ஓட்டக்காரனுமல்ல, வைத்தியனுமல்ல, பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. ஆனால் இதை முதன்முதலில் கேலி செய்தவன் நானேயானபடியால், எழுந்து பேசும் கடமையும் எனக்கே இருக்கின்றது.

டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "ஏனப்பா, காவடி தூக்கி நடக்கிறவனை மூடன் என்கிறாய். உங்கள் பிள்ளைகள் பனியன் போட்டுக் கொண்டு ஓடினால் மாத்திரம் வியாதி தீர்ந்து விடுமோ?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகுதான் விளங்கிற்று. ஓடுவதால் எந்தக் குழந்தைக்கும் வியாதி தீராது. காவடிக்காரன் தன் கால்வலியே மருந்தாகுமென்று நம்புகிறான். ஓடுகிறவனோ தன் கால்வலியைக் காட்டி உங்கள் மடியிலிருக்கும் காசைக் கேட்கிறான். அந்தக் காசு எங்கே போயிற்று என்று மறுநாள் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இது சிறிய வித்தியாசமல்ல.

கனடா தேசத்தில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற வாலிபர் இருந்தார். 1977-ல், அவருடைய 18-வது வயதில், எலும்புப் புற்று கண்டு வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்து விட்டார்கள். அவர் பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதி வழியுண்டு என்றும், இரண்டு வருஷம் முந்தி வந்திருந்தால் நூற்றுக்கு 15 தான் என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள். இடையிலிருந்த இரண்டு வருஷத்தில் எந்தச் சாமி கண்ணைத் திறந்தது? ஆராய்ச்சி செய்தவர்கள் மருந்து கண்டுபிடித்தார்கள். அதை அவர் நன்றாகத் தெரிந்து கொண்டார். ஆஸ்பத்திரியில் தம்முடன் சிகிச்சை பெற்ற சிறு குழந்தைகள் பட்ட பாட்டையும் கண்டார். 1980 ஏப்ரல் 12-ந் தேதி கிழக்குக் கடற்கரையில் புறப்பட்டு, பொய்க்காலுடன் தினம் சுமார் 26 மைல் வீதம் 143 நாட்கள், 5373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1-ந் தேதி, நோய் நுரையீரலுக்குப் பரவி விட்டதால் நின்றார். மறுவருஷம் ஜூன் 28-ல், 22 வயதில் இறந்தார். அதற்குள் ஆராய்ச்சிக்கென்று 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல், அதாவது அத்தேசத்து ஜனங்களில் தலைக்கு ஒரு டாலர் வீதம், சேர்ந்து விட்டது. 1981 முதல் வருஷந்தோறும் அவர் பெயரால் ஓட்டம் நடக்கின்றது. அதில் முதல் பரிசு இரண்டாம் பரிசு கிடையாது.

இனி என் வீட்டுச் சங்கதி. என் தமக்கை மகனுக்கு ஏழு வயதில் இரத்தப் புற்று கண்டது. விடாத ஜூரம், முகம் வெளுப்பு, காரணமில்லாமல் உடம்பில் நீலத் தடிப்பு. என் தமக்கை குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தாள். அதற்காக அவளுடன் சண்டை போட்டேன். பிறகு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. நான்கு மாதத்தில் பையன் தெருவில் விளையாடினான். சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பஸ் சார்ஜ், தங்க இடம், சாப்பாடு, என் மச்சானுக்குப் போன கூலி! "பையன் தேறி விட்டானே, போதும்" என்று நிறுத்தினார்கள். தோழர்களே, அப்பொழுது நான் சண்டை போடவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. எட்டாவது மாதம் வியாதி திரும்பியது. பையன் இல்லை. என் தமக்கையின் மூடநம்பிக்கையைக் கண்ட எனக்கு, என்னுடைய அறியாமை தெரியவில்லை.

உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம்பிள்ளைகளுக்கும் புற்று வருகின்றதென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. பணக்கார நாடுகளில் 100-க்கு 80-க்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 கூடப் பிழைப்பதில்லை. பணக்கார நாட்டுக் குழந்தைகள் பூர்வஜன்மத்தில் புண்ணியம் செய்தவர்களோ? நம் வீட்டுக் கொல்லையிலும் சுடுகாட்டோரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியை எத்தனை தலைமுறையாகப் பறித்துச் சாமிக்குப் போட்டோம்! அதன் இலையிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்துதான் 1960-களிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றது.

வாலிபர்களிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பந்தல், மாலை, ஒலிபெருக்கி, என்னைப் போன்றவர்களுக்குப் பொன்னாடை, இவற்றில் பணம் போகுமானால் இதுவும் ஒரு தேர்த்திருவிழாதான். சேர்கின்ற பணம் சிகிச்சை முடியும் வரையில் பிள்ளைகளின் பஸ் சார்ஜுக்கும் தங்கும் செலவுக்கும் போக வேண்டும். வரவு செலவை எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் என்னிடம் வாருங்கள்.

பணமில்லாதவர்கள் இரத்தம் கொடுக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவைப்படும் இரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் இருப்பில் நிற்காது. ஆகையால் கொடுக்கிறவர்கள் ஒரே நாளில் வந்து குவியாமல் முறை வைத்து வரவேண்டும். அதற்குப் பெயர் எழுதிக் கொள்ள மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கிறார்.

ஓட்டம் காலை ஐந்தரை மணிக்கு சந்தைப்பேட்டையிலிருந்து புறப்படும். ஓட முடியாதவர்கள் நடக்கலாம். நான் நடக்கப் போகிறேன். டீக்கடைப் பெரியவரும் என்னுடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கணக்கைப் பார்த்த பிறகுதான் காசு தருவாராம்.