செய்தி வராத தெருவுக்கு முதலில் செல்வோம்

(கீழ்க்கட்டளையில் மழைக்கால நிவாரணத் தன்னார்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. படகு, ஜெனரேட்டர், பிரெட், பால் பவுடர் பற்றியெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது செல்போன் வழியாக மக்களிடமிருந்தே தகவல் திரட்டும் முறை பற்றி. இதை 'கிரவுட்சோர்சிங்' என்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் ஊர் கூடித் தகவல் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீருக்குள் போயின. பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்துவைத்தன. அந்த நாட்களில்தான் நம் நகரத்தில் கிரவுட்சோர்சிங் பெரிய அளவில் நடந்தது. அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற பொது வரைபடத்தைக் கொண்டு ஓர் இணையப் பக்கம் அமைத்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. உணவு, தங்குமிடம், படகு எங்கே கிடைக்கும் என்ற பட்டியல்களை வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள்கூட இரவு பகலாகத் தொகுத்தார்கள்.

இது பாராட்டவேண்டிய பணி. ஆனால் அதில் உள்ள ஓர் ஆபத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் குறி விழுந்த இடம், யாரோ ஒருவருக்கு சிக்னலும் சார்ஜும் இருந்த இடம். குறி விழாத தெருவில் தண்ணீர் இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. அங்கே டவர் படுத்திருக்கலாம், போன் அணைந்திருக்கலாம், ஸ்மார்ட்போனே இல்லாத முதியவர் தனியாக இருக்கலாம். அதிகம் பாதிக்கப்பட்டவரிடமிருந்துதான் செய்தி வருவது கடினம்.

டவர் ஏன் படுக்கிறது? மின்சாரம் நின்றதும் டவர் பேட்டரியில் ஓடும். அது சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வண்டி வருகிற சாலையிலேயே தண்ணீர் நின்றால் என்ன செய்வது? டவரை இணைக்கும் கேபிள் பழுதானாலும் இதே கதிதான். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு டவர்கள் மீது சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் பாய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் இருந்தவர்கள் மின்சாரமும் போனும் இல்லாமல் தவித்தார்கள். நம் கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீரும் அந்தச் சதுப்பு நிலத்தை நோக்கித்தான் போகிறது. நமக்கும் அந்த நிலை வரலாம்.

நெரிசலான நேரத்தில் எது நுழையும், எது நுழையாது என்று தெரிந்திருக்க வேண்டும். பேச்சு அழைப்புக்கு இரு முனையிலும் அந்த நொடியில் இடம் கிடைக்க வேண்டும். வெள்ளத்தைப் படமெடுத்து அனுப்பினால் அது பெரிய சுமை. எஸ்எம்எஸ் மிகச் சிறியது. பெறுபவரின் போன் அணைந்திருந்தாலும் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் நிலநடுக்கம் வந்தபோது, 4636 என்ற எண்ணுக்கு மக்கள் இலவச எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். வெளிநாடுகளில் இருந்த ஹைட்டி மக்கள் அவற்றை மொழிபெயர்க்க, தன்னார்வலர்கள் வரைபடத்தில் ஏற்றினார்கள்.

அந்த வரைபடத்துக்குப் பயன்பட்ட மென்பொருளின் பெயர் 'உஷாஹிதி'. 2008-இல் கென்யாவில், தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தைப் பதிவுசெய்யப் பிறந்தது. சுவாஹிலி மொழியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். நாம் சொல்லும் 'ஷஹாதத்' என்ற அரபுச் சொல்லின் வேரிலிருந்து வந்தது. சாட்சி சொல்பவர் தான் கண்டதைத்தான் சொல்ல வேண்டும். எங்கே, எப்போது என்றும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இது நடப்பதில்லை. காலையில் மீட்கப்பட்டவருக்காக மறுநாளும் "உடனே படகு தேவை" என்ற செய்தி சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் படகு வேறொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

முதலாவது, மழைக்கு முன்பே ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். இருவரிடமும் வெவ்வேறு நிறுவனத்தின் சிம் இருக்கட்டும். தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோரின் பட்டியலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். எந்த மதத்தவர் என்ற பேதம் பட்டியலில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, செய்தியின் அமைப்பு. இடம், எத்தனை பேர், தண்ணீர் அளவு, தேவை, நேரம் ஆகிய ஐந்து மட்டும் போதும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழில் பொதுவாக 70 தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். "4வது குறுக்கு. 6 பேர். இடுப்பளவு. படகு. மாலை 4." இது 70-க்குள் அடங்கிவிடும். செய்தி தாமதமாகச் சேரலாம் என்பதால் நேரத்தை எழுத மறக்க வேண்டாம்.

மூன்றாவது, பேட்டரி. சிக்னலைத் தேடித்தேடியே போன் தீர்ந்துவிடும். ஏரோப்ளேன் மோடில் வைத்து, ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் பத்து நிமிடம் மட்டும் எல்லோரும் போனைத் திறப்போம். ஜிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் தேவையில்லை. நம் பகுதி வரைபடத்தை இப்போதே ஆஃப்லைனில் இறக்கி வைத்தால், சிக்னல் இல்லாதபோதும் இருக்கும் இடம் தெரியும்.

நான்காவது, யாரை அழைப்பது? 1913 சென்னை மாநகராட்சியின் எண். பக்கத்து மடிப்பாக்கத்துக்கு அது பொருந்தும். நாம் தாம்பரம் மாநகராட்சி, செங்கல்பட்டு மாவட்டம். நமக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. உயிருக்கு ஆபத்து என்றால் 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தால் 112-க்கு அழைப்பு போகும்.

ஐந்தாவது, உதவி போய்ச் சேர்ந்ததும் "முடிந்தது" என்று ஒரு செய்தி கட்டாயம் வர வேண்டும். அது வராதவரை அந்தப் பதிவு திறந்தே இருக்கும். பெண்களின் பெயர், எண், வீட்டு முகவரியைப் பொதுக் குழுக்களில் போடாதீர்கள். பொறுப்பாளருக்கு மட்டும் அனுப்புங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. இரண்டு மணி நேரமாக ஒரு தெருவிலிருந்து எந்தத் தகவலும் இல்லையென்றால், "அங்கே பிரச்சினை இல்லை போலிருக்கிறது" என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. கயிறும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, பாதுகாப்பாகப் போக முடிந்தவரை இருவராகப் போய்ப் பார்க்க வேண்டும். போக முடியவில்லை என்றால் அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி 1077-இல் பதிவு செய்ய வேண்டும்.

வாசலில் உள்ள மேசையில் தெருவாரியாகத் தாள் வைத்திருக்கிறோம். இன்று சில தெருக்களுக்கு நேராகப் பெயர் எழுதப்படாமல் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் அந்தத் தாளை ஒருமுறை பாருங்கள். உங்கள் தெரு காலியாக இருந்தால் பெயர் எழுதுங்கள். பக்கத்துத் தெரு காலியாக இருந்தால் அங்கே யாரைக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் இன்ஷா அல்லாஹ் ஒரு தெருவும் விடுபடாமல் நிரப்பிவிடுவோம்.

வஸ்ஸலாம்.