மலை ஏறாத மலைவண்டி

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி புலப்படும். சதுர முகமும், அகன்ற சக்கரங்களும், ஏறுவதற்குக் காலை நன்றாக உயர்த்த வேண்டிய மேட்டிருக்கையும் கொண்ட வண்டிகள், காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூட வாயிலுக்கும் இடையே மெல்ல ஊர்ந்து செல்லும். சேற்றிலிருந்து மீளவும், பாறைமேல் ஏறவும், ஓடைகளைக் கடக்கவும் வல்லவை என்று சொல்லி விற்கப்பட்ட வண்டிகள் அவை. மேற்கே நோக்கினாலோ கல்வராயன் மலை நீலமாய்த் தெரிகிறது. வண்டி இங்கே நிற்கிறது. மலை அங்கே நிற்கிறது. இரண்டும் சந்திப்பது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான். ஒரு முறையும் சந்திக்காமலே காலங்கழிக்கும் வண்டிகளும் உண்டு.

அப்படியிருந்தும், அவற்றை உடையவர்களின் முகத்தில் ஒரு தனி மகிழ்ச்சி தோன்றுகிறது. அதற்குக் காரணம் என்ன? வெறும் பகட்டு என்று தள்ளிவிடலாமா? நெடுநாள் நான் அப்படித்தான் தள்ளிவந்தேன். இன்று அவ்வாறு தள்ள என் மனம் ஒப்பவில்லை. அது ஏன் என்று சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இவ்வண்டியின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940-ஆம் ஆண்டில், அமெரிக்கத் தரைப்படைக்குச் சிறிய, உறுதியான, எல்லா நிலத்திலும் ஓடக்கூடிய வண்டி ஒன்று தேவைப்பட்டது. மாதிரி வண்டியைச் செய்து கொடுக்கத் தரப்பட்ட தவணை நாற்பத்தொன்பதே நாட்கள். பாண்டம் என்னும் சிறிய நிறுவனம் அத்தவணைக்குள் அதைச் செய்து முடித்தது. பின்னர் வில்லிஸ் நிறுவனமும் போர்டு நிறுவனமும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. அவையே ஜீப் என்று பெயர் பெற்றன. அழகுக்காக அதில் எதுவும் வைக்கப்படவில்லை. தட்டையான முகம், மடக்கும் கண்ணாடி, கதவில்லாப் பக்கங்கள் என அனைத்தும் பயன் கருதி அமைந்தவை. எனினும், பயன் ஒன்றையே கருதிச் செய்த பொருளில் தானாகவே ஓர் அழகு வந்து அமைந்துவிடுகிறது. நம் ஊர் ஏரும் ஏற்றமும் அழகாக இருப்பது இக்காரணத்தால் அன்றோ?

போர் முடிந்தபின் இவ்வண்டி கழனிக்கு வந்தது. இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராயிருந்த மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் பழைய போர் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதன் உழைப்பைக் கண்டே லாண்ட் ரோவர் வண்டியை உருவாக்கினார். அது 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகிற்கு அறிமுகமாயிற்று. நம் நாட்டிலோ, 1945-இல் மகீந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் எஃகு வாணிகத்திற்காகத் தோன்றிய நிறுவனம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1948-இல் மகீந்திரா அண்டு மகீந்திரா எனப் பெயர் மாறியது. அதுவே வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்கலாயிற்று.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப் பெற்றது. அதன்பின் வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் நம் சிற்றூர்களுக்குப் பழக்கமான காட்சியாயிற்று. 1960-களின் இறுதியில் சிறுவனாயிருந்த எனக்கு அக்காட்சி இன்றும் நினைவிருக்கிறது. புழுதி எழும், நாய்கள் குரைக்கும், நாங்கள் பின்னே ஓடுவோம். ஜீப் வந்தது என்றால் அரசாங்கம் வந்தது என்று பொருள். அதில் ஏறி அமர்வது எங்களைப் பொறுத்தவரை அரியணை ஏறுவதற்கு ஒப்பாகும். இன்று ஐம்பது அறுபது வயதில் இத்தகைய வண்டியை வாங்குவோர் பலர், அன்று அதன் பின்னே ஓடிய சிறுவர்கள்தாம். அவர்கள் வாங்குவது ஒரு வண்டியை மட்டுமா? அன்று எட்டாத இருக்கையையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

ஆனால் இளைஞர்களும் வாங்குகிறார்களே! அவர்களுக்கு அப்பழைய நினைவு இல்லையே! அதற்கு விடை காண, வண்டி எவ்வாறு மலையேறுகிறது என்பதை அறிய வேண்டும். சாதாரண மோட்டார் வண்டியில் எஞ்சினின் ஆற்றல் இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். வளைவில் திரும்பும்போது அவ்விரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால், இடையே டிபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கும். அதற்கு ஒரு குணம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால், அது மட்டுமே வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றொன்று அசையாது நிற்கும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் இரண்டாவதாக ஒரு கியர்ப்பெட்டி உண்டு. அது முன்சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிர்ந்து கொடுக்கும். அதிலேயே தாழ்கியர் என்பதும் உண்டு. அதைப் போட்டால் வேகம் குறைந்து இழுவிசை பெருகும். வண்டி நடக்கும் மனிதனைப்போல் அடிமேல் அடி வைத்து ஏறும். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் எஞ்சினே வண்டியைத் தாங்கி இறக்கும்.

இந்த ஆற்றலுக்காகவே மக்கள் வாங்குகிறார்கள் என்று முடிவு கட்டினால், அதற்கும் ஒரு தடை இருக்கிறது. 2010-இல் முதன்முதல் வந்து, 2020-இல் புதுவடிவம் பெற்ற தார் என்னும் வண்டியில், 2023 ஜனவரியில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் மலிவான வகை ஒன்றும் விற்பனைக்கு வந்தது. உருவம் அதுவே, உயரம் அதுவே, மலையேறும் உறுப்பு மட்டும் இல்லை. அதையும் மக்கள் மகிழ்ந்து வாங்கினார்கள். ஆகவே, ஆற்றலைப் பயன்படுத்துவது வேறு, ஆற்றல் உடைமையில் மகிழ்வது வேறு, ஆற்றலின் தோற்றத்தில் மகிழ்வது வேறு என மூன்று படிகள் இருப்பதை உணர்கிறோம்.

என் பழைய மாணவர் ஒருவர் கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலை நடத்துகிறார். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஒன்றை அவர் வாங்கினார். வீட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து வீட்டிற்கும் அது ஓடியது. எப்போதேனும் வெள்ளிமலைக்குப் போவார். கச்சிராயபாளையம், கரியாலூர் வழியே அங்கே தார்ச்சாலை உண்டு, பேருந்தே போகிறது. திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்துவார். “பேருந்து போகும் வழிக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு அப்பா?” என்று ஒரு நாள் கேலியாகக் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, “சார், வீட்டிலே ஏணி வைத்திருக்கிறோம். தினமுமா ஏறுகிறோம்? மழை வந்தால் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள்; நான் வண்டியைப் பார்க்கிறேன். ஒரு தைரியம் சார்” என்றார்.

அவ்விடையை நான் பின்னர் எண்ணி எண்ணிப் பார்த்தேன். குதிரில் நெல் இருந்தால் அன்று உண்ணாத நெல்லும் உறக்கத்தைத் தருகிறது. வீட்டில் அகராதி இருந்தால், புரட்டாத பக்கங்களும் ஒரு துணையாகின்றன. ‘வேண்டுமானால் போகலாம்’ என்ற எண்ணமே மனிதனுக்கு ஒரு விடுதலை. நாள்தோறும் ஒரே வீதியில் ஒரே நேரத்தில் செல்பவனுக்கு, அவ்வீதி முடியும் இடத்திலும் தன் பயணம் முடியவேண்டியதில்லை என்ற உணர்வு சிறிய இன்பமன்று. அதைப் பகட்டு என்று பழித்தது என் பிழை.

எனினும், செய்தி அத்துடன் முடிந்துவிடவில்லை. வண்டி நோக்கும் மலையையும் நாம் நோக்க வேண்டும் அல்லவா?

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கோமுகி ஆறு பிறக்கும் இடம். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே சாமையும் மரவள்ளியும் பயிரிட்டும், கடுக்காய் முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டியும் வாழ்கிறார்கள். 1976-ஆம் ஆண்டில் அரசு ஏற்கும் வரை அம்மலை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. தார்ச்சாலையை விட்டுப் பிரிந்தால் சிற்றூர்களுக்குச் செல்பவை மண்தடங்களே என்னும் நிலை இன்னும் பல இடங்களில் உண்டு. 2024-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இம்மலைமக்களின் வாழ்க்கை வசதிகளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோது, சாலைக் குறையும் அதில் பேசப்பட்டது. சமவெளியில் ‘வேண்டுமானால் போகலாம்’ என்பது இன்பம். அங்கே ‘வேண்டும்போது போக முடியுமா’ என்பதே கவலை.

ஓர் ஐப்பசி மாதம். ஆலையில் வேலை செய்யும் மலையூர்த் தொழிலாளி ஒருவரின் தந்தை வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர்கள் சிற்றூர் தார்ச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மழையில் தடம் அரித்துக் கிடந்தது. என் மாணவர் உடனே வண்டியை எடுத்தார். அப்போது உடனிருந்த நானும் ஏறிக்கொண்டேன். ‘இதோ, ஏணி எடுக்கும் நாள் வந்தது’ என்று எண்ணினேன்.

செம்மண் ஏற்றத்தில் பாதி தூரத்தில் சக்கரங்கள் சுழன்றன. வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. அவர் பதறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே தாழ்கியர் நெம்புகோலை இழுத்தார். கரகரவென்று ஓர் ஓசை எழுந்ததே தவிர, கியர் விழவில்லை. மறுபடியும் இழுத்தார், மறுபடியும் அதே ஓசை. வாங்கி மூன்றாண்டுகளில் அந்த நெம்புகோலை அவர் ஒரு முறையும் தொட்டதில்லை!

மேலிருந்து இறங்கி வந்த மலையூர் இளைஞர் ஒருவர் எங்களைப் பார்த்தார். பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைப்பவர். முன்பு ஒரு காண்டிராக்டரிடம் ஜீப் ஓட்டியவராம். “நிறுத்துங்கண்ணா. நியூட்ரல் போட்டுட்டு, அப்புறம் தள்ளுங்க” என்றார். தள்ளியதும் கியர் விழுந்தது. “ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க. வண்டி தானா ஏறும், நீங்க பிடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க” என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு முன்னே நடந்து, காலால் தரையைத் தட்டிப் பார்த்து வழி காட்டினார். வண்டி எறும்புபோல் ஊர்ந்து ஏறியது. மேலே, மூங்கிலில் துணி கட்டித் தூளி ஆயத்தமாக இருந்தது. நால்வர் தோள்கொடுக்க நின்றார்கள். நாங்கள் வராவிட்டாலும் அவர்கள் அம்முதியவரைச் சுமந்து இறங்கியிருப்பார்கள். ஆனால் முறிந்த கால் வழிநெடுக வலித்திருக்கும். அன்று மாலைக்குள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தோம்.

திரும்பும் வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. வண்டி ஒருவரிடம் இருந்தது. அதைச் செலுத்தும் வித்தை இன்னொருவரிடம் இருந்தது. தேவையோ மூன்றாமவரிடம் இருந்தது. மூன்றும் அன்று சந்தித்தது நல்வாய்ப்பேயன்றி, எவருடைய திறமையும் அன்று.

என் மாணவரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், அரசு தந்த நுண்ணோக்கிகளை உடைந்துவிடுமோ என்று அஞ்சி அலமாரியில் பூட்டிவைத்தேன். ‘எங்கள் பள்ளியில் நுண்ணோக்கி உண்டு’ என்று வந்தோரிடமெல்லாம் பெருமை பேசினேன். எத்தனை பிள்ளைகள் அதன் வழியே ஓர் இலையைக் கண்டார்கள் என்று எவரேனும் கேட்டிருந்தால், நானும் கரகரவென்ற ஓசை தவிர வேறு விடை தந்திருக்க மாட்டேன்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் இத்தகைய வண்டியை வாங்கலாம். அதில் தவறில்லை. மலையேறாமல் வைத்திருந்தாலும் தவறில்லை. ஆனால் அதன் நெம்புகோல் எதற்கு என்று கற்றுக்கொள்ளுங்கள். மலையேறுவோராயின், ஓடையைக் கலக்குவதும் சாமைக் கொல்லையில் சக்கரம் பதிப்பதும் வீரமென்று எண்ணாதீர்கள். உயரமான வண்டி வளைவில் எளிதில் கவிழும் என்பதையும் மறவாதீர்கள். உங்களிடம் இப்போதே உள்ள ஆற்றல்களை, அதாவது நீந்தும் திறனோ, ஒரு மொழியோ, முதலுதவிப் பயிற்சியோ எதுவாயினும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் எடுத்துப் பழகிப் பாருங்கள். உடைமையில் வரும் தைரியம் மெய்யாவது அப்போதுதான்.

என் மாணவர் இப்போது மாதம் ஒரு ஞாயிறு மலைக்குச் செல்கிறார். அந்தப் பிக்கப் இளைஞரே அவருக்கு ஆசிரியர். அன்று மலையிலிருந்து இறங்கியபின் வண்டியைக் கழுவினாரா என்று கேட்கிறீர்களா? மூன்று நாள் கழுவவில்லை. செம்மண் அப்பிய வண்டியை ஆலை வாயிலில், எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தியிருந்தார். அதைப் பகட்டு என்று நான் சொல்லவில்லை.