கப்பலும் பொய்ச் சாட்சியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சென்ற மாதம் நம்மவரில் ஓர் அம்மையார் மிகுந்த மனக்கலக்கத்துடன் என் வீட்டிற்கு வந்தார். அவருடைய குமாரர் சரக்குக் கப்பலொன்றில் உத்தியோகம் பார்ப்பவர். அக்கப்பல் இருக்குமிடத்தைக் கைபேசியில் தினந்தோறும் பார்த்து ஆறுதலடைவது அம்மையாரின் வழக்கம். அன்றோ, கப்பல் கடலை விட்டுப் பாலைவனத்தின் நடுவே நிற்பதாகப் படம் காட்டிற்று. “என் பிள்ளைக்கு என்ன நேர்ந்ததோ?” என்று கண்ணீர் விட்டார். மறுநாள் குமாரரே பேசினார். ஒரு தீங்கும் இல்லை. ஆயினும் அந்தத் தாயின் அச்சத்தை அற்பமென்று தள்ளலாகாது. நம் பிள்ளைகளின் உயிரும் நம் வியாபாரிகளின் சரக்கும் கடலில் செல்லுகின்றபடியால், இவ்விஷயத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இக்காலத்துக் கப்பல் தான் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் செயற்கைக் கோள்களைக் கொண்டே அறிகிறது. ஜி.பி.எஸ். கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வளவு தூரம் கடந்து வரும் வானொலிக் குறி மிகமிக மெலிந்தே நம்மை வந்தடைகிறது. அன்றியும், பொதுஜன உபயோகத்துக்கான குறியின் அமைப்பு உலகறிந்தது. அதை அனுப்பியவர் இன்னாரென்று நிரூபிக்கும் முத்திரை அதில் இல்லை. கையொப்பமில்லாத உண்டியலைக் கொண்டுவந்தவனுக்கு நம் வியாபாரிகள் பணம் கொடுப்பார்களா? கப்பற் கருவியோ கொடுத்துவிடுகிறது!

இதில் இருவகைத் தீங்குகள் உண்டு. ஒன்று, பெருங்கூச்சலிட்டு உண்மைக் குறியை அமுக்கிவிடுதல். அப்போது கருவி வேலை செய்யாது; எச்சரிக்கை மணி அடிக்கும்; மாலுமி விழித்துக்கொள்வார். மற்றொன்று, உண்மைக் குறியைப் போலவே பொய்க்குறியை அனுப்பி இடத்தை மாற்றிக் காட்டுதல். இதுவே கொடியது. மணி அடிக்காது, கருவி சிரித்த முகத்துடன் பொய் சொல்லும்.

2013-ஆம் வருஷம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், உரியவர்களின் சம்மதத்துடன், மத்தியதரைக் கடலில் சுமார் 65 மீட்டர் நீளமுள்ள உல்லாசக் கப்பலொன்றில் இதைப் பரீக்ஷித்தனர். சிறு கருவியொன்றால் கப்பலை வழி விலகச் செய்தனர். கப்பலின் கருவிகள் நேர்வழியில் செல்வதாகவே காட்டின. 2017 ஜூன் மாதத்தில் கருங்கடலில் ரஷ்யாவின் நொவொரொஸிஸ்க் துறைமுகத்தருகே இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள், தாம் கெலெஞ்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் கண்டன. 2025 மே 10-ஆம் தேதி, ஜெட்டாவுக்கு அருகே செங்கடலில் எம்.எஸ்.ஸி. அந்தோனியா என்னும் பெரிய சரக்குக் கப்பல் தரைதட்டிற்று. ஜி.பி.எஸ். குறுக்கீடு காரணமாயிருக்கலாமென்று கப்பற்போக்கை ஆராய்வோர் கருதினர்.

இதில் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மின்னணுக் கடற்படம், கப்பலின் இடத்தைப் பிறருக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி, கடிகாரம் ஆகிய பலவும் அந்த ஒரே ஜி.பி.எஸ். குறியையே நம்பியிருக்கின்றன. ஆகையால் பல கருவிகள் ஒன்றையே சொல்லும்போது, பல சாட்சிகள் ஒத்துச் சொல்வதாக மாலுமி மயங்குகிறார். உண்மையில் அங்கே பேசுவது ஒரே சாட்சி, வேஷங்கள்தாம் பல.

இதற்குப் பரிகாரங்கள் இல்லாமலில்லை. கோள்களின் குறி வானத்தில் பல திசைகளிலிருந்து வருவது. பொய்க்குறியோ பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வருவது. இவ்வேற்றுமையைக் கண்டு பொய்யை விலக்கும் கூட்டு அலைவாங்கிகள் இருக்கின்றன. ஐரோப்பியரின் கலிலியோ கோள்கள் தம் குறியுடன் மெய்ப்பிக்கும் முத்திரையையும் அனுப்பும் ஏற்பாடு 2025 ஜூலையில் முறையாக நடைமுறைக்கு வந்தது. தரையிலுள்ள பெருங்கோபுரங்களிலிருந்து வலுத்த குறியை அனுப்பும் ஈ-லோரான் முறையையும் தென்கொரியர் கைக்கொண்டிருக்கின்றனர்.

ஆனால் கருவி வாங்கப் பணமும் காலமும் வேண்டும். இன்றைக்கே கைக்கொள்ளத்தக்க பரிகாரம் மாலுமியின் விழிப்பே. ராடாரில் கரைமுனையின் தூரத்தை அளக்கலாம். கலங்கரை விளக்கின் திசையைக் கண்ணால் குறிக்கலாம். ஆழமானி காட்டும் ஆழம் படத்தின் ஆழத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். வேகம், திசை, சென்ற நேரம் மூன்றையும் கொண்டு இடத்தைக் கணிக்கலாம். நடுக்கடலில் செக்ஸ்டன்ட் கொண்டு சூரியனையும் நக்ஷத்திரங்களையும் அளக்கலாம். கடிகாரம் திடீரென மாறினாலும், கப்பல் ஒரே தாவாகத் தாவியதாகக் காட்டினாலும், அக்கணமே ஜி.பி.எஸ்.ஸை ஒதுக்கிவைத்து மற்றச் சாட்சிகளை அழைக்கவேண்டும்.

இப்போது கப்பலில் சரக்கு அனுப்பும் நம் வியாபாரப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். சந்தேகம் கொண்ட மாலுமி செய்யத்தக்க முதற்காரியம் வேகத்தைக் குறைப்பது. அதனால் சில மணி நேரம் தாமதமாகும். அத்தாமதத்துக்குக் கோபித்துக் கணக்குக் கேட்போமானால், அடுத்த முறை அவர் சந்தேகத்தை அடக்கிக்கொண்டு திரையை நம்பிச் செல்வார். அப்போது போவது சில மணி நேரமன்று. சரக்கும் கப்பலும், அதிலுள்ள பிள்ளைகளுமே. ஆகவே, அவ்வகைத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதும் நம் கடமையாகும்.

வாலிபர்களே! செக்ஸ்டன்டைப் பரீக்ஷைக்காகக் கற்று மறந்துவிடாதீர்கள். அநுதினமும் ஒரு முறையேனும் அதைக் கையிலெடுங்கள். நமது கல்வி நிதியிலிருந்து கப்பற்கல்விக்கு உதவி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் அக்கருவி ஒன்றைச் சங்கம் வழங்கவேண்டுமென்று காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

தாய்மார்களே! கைபேசிப் படம், கப்பற் கருவி சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை. கப்பல் தரையில் நிற்பதாக அது காட்டினால், அதைக்கொண்டே கலங்கவேண்டாம். பிள்ளையின் குரல் வரும்வரை பொறுத்திருங்கள். அவன் பேசும்போது மறவாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: “இன்று கரையைக் கண்ணால் பார்த்தாயா, அப்பா?” அந்தக் கேள்வி அவனைக் காக்கும்.