மாற்று இமெயில் முகவரி: யார் வந்து போகிறார்கள் என்று பார்க்கிறோமா?

(காலாண்டுக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் கேட்டில் விசிட்டர் நோட்டு இருக்கிறது. பெயர், ஃபிளாட் எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதுகிறார்கள். ஆனால் ஏதாவது காணாமல் போனால்தான் நாம் அதைப் புரட்டுகிறோம். இமெயிலுக்கும் இப்படி ஒரு நோட்டு உண்டு. அதற்கு 'லாக்' என்று பெயர். ஏதும் நடக்கும் முன்பே அதைப் புரட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் 'அலியாஸ்' என்றால் என்ன? உங்கள் இன்பாக்ஸுக்கே வந்து சேரும் இன்னொரு முகவரி. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால், @ குறிக்கு முன்னால், + போட்டு ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். மளிகை ஆப்புக்கு ஒன்று, ஜிம்முக்கு ஒன்று என்று கொடுக்கலாம். ஆனால் இதில் உங்கள் உண்மையான முகவரி வெளியே தெரியும். அதை மறைக்க வேண்டுமானால் ஆப்பிளின் 'ஹைட் மை இமெயில்', மோசில்லாவின் 'ஃபயர்பாக்ஸ் ரிலே', 'சிம்பிள்லாகின்' போன்றவை முற்றிலும் வேறு முகவரியைத் தரும்.

இனி லாக். ரிலே, சிம்பிள்லாகின் இரண்டும் ஒவ்வொரு அலியாஸுக்கும் எத்தனை மெயில் உங்களுக்கு அனுப்பப்பட்டது, எத்தனை தடுக்கப்பட்டது என்று காட்டும். ஜிமெயிலின் + முகவரிக்குத் தனி லாக் கிடையாது. அந்த முழு முகவரியையும் தேடல் பெட்டியில் போட்டுத் தேடுங்கள். ஸ்பேமையும் தனியாகத் தேடுங்கள். சாதாரணத் தேடலில் ஸ்பேம் வராது.

என்ன பார்க்க வேண்டும்? மூன்றே விஷயம்.

ஒன்று, அந்நியர். ஜிம்முக்கு மட்டும் கொடுத்த முகவரிக்கு லோன் விளம்பரம் வந்தால், அது அங்கிருந்துதான் எப்படியோ வெளியே போயிருக்கிறது. உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பல கடைகள் பில்லையும் விளம்பரத்தையும் வேறு நிறுவனம் மூலம் அனுப்புகின்றன. அதனால் அனுப்புநர் முகவரி வேறாகத் தெரியலாம். உள்ளே இருப்பது அந்தக் கடையின் விஷயம்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அலியாஸை மூடிவிடுங்கள். + முகவரியை மூட முடியாது. அதற்கு வருவதைக் குப்பைக்கு அனுப்ப ஒரு ஃபில்டர் போடுங்கள்.

இரண்டு, திடீர் நெரிசல். மாதக்கணக்கில் சும்மா கிடந்த முகவரிக்கு ஒரே வாரத்தில் இருபது மெயில் வந்தால் அந்த முகவரி யாரோ ஒருவரின் பட்டியலில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று, நீங்கள் அனுப்பாத பதில். லாகில் உங்கள் பெயரில் ஒரு பதில் போயிருந்து, அதை நீங்கள் அனுப்பவில்லை என்றால், உங்கள் கணக்குக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் திறந்து பாருங்கள். திருடர்கள் அங்கேதான் தங்களுக்கு ஒரு நகல் போகும்படி வழி வைத்துவிட்டுப் போவார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த வழி தானாக அடைபடாது.

இதுவரை உங்கள் சொந்த மெயில். இனி நம் எல்லோருக்கும் பொதுவானது.

செயலாளர், பொருளாளர் என்ற பதவிப் பெயரில் சங்கங்கள் வைத்திருக்கும் முகவரிகளும் அலியாஸ்தான். ஆள் மாறினாலும் முகவரி மாறாது. வசதி அதுதான், ஆபத்தும் அதுதான். தேர்தல் முடிந்து புதியவர் பெயரைச் சேர்ப்போம். பழையவர் பெயரை எடுக்க மறப்போம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் போன் தொலைந்தால் நம் மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியல், வாடகைதாரர் ஆவணம், லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் அந்தப் போனோடு போகும்.

இன்னொன்று பணம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று லிஃப்ட் கம்பெனி பெயரில் பொருளாளருக்கு மெயில் வருவது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. லாகைப் பார்த்தால் அது வழக்கமான முகவரியிலிருந்து வந்ததா, ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து வந்ததா என்று தெரியும். முகவரி சரியாக இருந்தாலும், நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நிர்வாகி பார்க்கும் இமெயில் லாகில் 30 நாளுக்குள் வந்ததைத்தான் சுலபமாகத் தேடலாம். அதற்கு முந்தையதைத் தேட அந்த மெயிலின் தனி அடையாள எண் தெரிய வேண்டும். நாம் கூடுவதோ 3 மாதத்துக்கு ஒருமுறை. கூட்டத்தன்று பார்த்தால் முதல் 2 மாதம் கையை விட்டுப் போயிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

யார் பார்ப்பது? ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டாம். யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பதும் அந்தரங்கம்தான். இருவர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். தேதி, சரிபார்த்த முகவரிகள், நீக்கிய பெயர்கள் மூன்றை மட்டும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதட்டும். லாகின் ஸ்கிரீன்ஷாட் எதுவும் வாட்ஸ்அப் குரூப்புக்கு வரக் கூடாது.

பணம் போய்விட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

மாதாந்திரச் சரிபார்ப்பை இன்றே தீர்மானமாக நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த இருவரில் ஒருவர் கமிட்டிக்கு வெளியே இருந்து வந்தால் நல்லது. யார் முன்வருகிறீர்கள்?