பெண்களுக்கென்று ஒரு நத்தார்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"நோய்களைப் பற்றி வேண்டாம், நீர் வேலை செய்யிற நாட்டைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் அயர்லாந்து மக்கள் தங்கள் குளிர்காலத்தை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதிலும் ஒரு நாளைப் பற்றி விசேடமாகச் சொல்ல வேண்டும். அது ஜனவரி 6.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். நாங்கள் நத்தார் என்கிறோம். அது போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல். அயர்லாந்தின் சொந்த மொழியில் நத்தாருக்கு நொல்லிக் என்று பெயர். இரண்டு சொற்களுமே பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் மூலத்திலிருந்து வந்தவை. ஆகவே கேட்க வேறாக இருந்தாலும் நத்தாரும் நொல்லிக்கும் ஒன்றுவிட்ட சகோதரிகள்.

அந்த நாட்டுப் பண்டிகைகளை விளங்கிக்கொள்ள அங்குள்ள இருட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். டிசெம்பர் 21 அளவில் டப்ளின் நகரில் காலை எட்டரைக்குப் பிறகுதான் சூரியன் எழும்பும். பின்னேரம் நாலு மணி தாண்டியதும் மறைந்துவிடும். ஏழரை மணித்தியாலப் பகல்தான். இந்த இருட்டு இன்று நேற்று வந்ததல்ல. பொயின் ஆற்றுக்கு அருகே நியூகிரேஞ்ச் என்ற ஒரு கல்லறை மேடு இருக்கிறது. கி.மு. 3200 அளவில் கட்டப்பட்டது. எகிப்தின் கீசா பிரமிட்டுகளிலும் பழையது. வாசலுக்கு மேலே ஒரு சிறிய திறப்பு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் அந்தச் சில நாட்களில் மட்டும், உதிக்கும் சூரியனின் கதிர் அந்தத் திறப்பினூடாகப் புகுந்து, 19 மீற்றர் நீளமான ஒடுங்கிய வழியைக் கடந்து உள்ளறையைத் தொடுகிறது. சுமார் 17 நிமிடம் உள்ளே ஒளி நிற்கும். பிறகு மீண்டும் இருட்டு. 1967 இல் தொல்லியலாளர் மைக்கேல் ஓகெலி உள்ளே நின்று அதைக் கண்டார். இன்று அந்தக் காட்சியைப் பார்க்கச் சீட்டுக் குலுக்கித்தான் ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள்.

நத்தாருக்கு முதல் நாள் இரவு வீட்டு யன்னலில் ஒரு பெரிய மெழுகுதிரி ஏற்றுவது அவர்களுடைய பழைய வழக்கம். வீட்டில் ஆக இளைய பிள்ளைதான் ஏற்ற வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்த பின்னும் மேசையில் பாணும் பாலும் வைத்து, கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விடுவார்கள். தங்க இடமின்றி அலைந்த மரியாளும் சூசையப்பரும் இந்த வீட்டில் இளைப்பாறலாம் என்பது அதன் கருத்து.

அந்த மெழுகுதிரிக்குப் பிறகு இன்னொரு கருத்தும் சேர்ந்தது. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அதன் பின்னும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். நத்தாருக்கு முன் அமெரிக்காவிலிருந்து காசோடு ஒரு கடிதம் வராதா என்று எத்தனையோ தாய்மார் தபாற்காரரைப் பார்த்திருந்தார்கள். 1990 இல் அயர்லாந்தின் முதல் பெண் சனாதிபதியாகப் பதவியேற்ற மேரி றொபின்சன், புலம்பெயர்ந்து போன அத்தனை பேருக்காகவும் சனாதிபதி மாளிகையின் குசினி யன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார். இதன் பொருளை இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. இங்கே எத்தனை பேருடைய அம்மாமார் அப்படி ஒரு விளக்கோடு இருந்திருக்கிறார்கள்!

டிசெம்பர் 26 புனித ஸ்தேவான் நாள். வைக்கோல் உடுப்பும் முகமூடியும் அணிந்து, மேளமும் குழலுமாக வீதியில் போய்க் காசு சேர்ப்பார்கள். ரென் என்ற சின்னஞ்சிறு குருவியின் பெயரால் நடக்கும் ஊர்வலம் அது. முன்பு உண்மையாகவே குருவியைக் கொன்று தடியில் கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அந்தக் கொடுமை இல்லை. டிங்கிள் என்ற கரையோரப் பட்டணத்தில் இது இன்றும் மிகச் சிறப்பாக நடக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் இது ஆண்களும் பொடியன்களும் ஆடிப் பாடித் திரியும் நாள். பெண்கள் அன்றும் அடுப்படியில்தான்.

அதனால்தான் ஜனவரி 6 முக்கியமாகிறது. நத்தார்க் காலத்தின் பன்னிரண்டாவது நாளைத் தொடர்ந்து வரும் மூவிராசாக்கள் திருநாள் அது. அதற்கு அங்கே நொல்லிக் நா மான் என்றொரு பெயரும் உண்டு. பெண்களின் நத்தார் என்று பொருள். கோர்க், கெரி போன்ற தென்மேற்கு மாவட்டங்களில் அன்று வீட்டு வேலை முழுவதும் ஆண்கள் பொறுப்பு. பெண்கள் நல்ல உடுப்பு உடுத்தி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், தேநீரும் மிஞ்சியிருக்கும் நத்தார்க் கேக்குமாக இருந்து கதைப்பார்கள். கோழியும் வான்கோழியும் வளர்த்து, முட்டை விற்றுச் சேர்த்த கைக்காசில் மிச்சம் இருந்தால் அன்று தங்களுக்கென்று செலவழிப்பார்கள். மங்கிப்போன இந்த வழக்கம் இப்போது மீண்டும் உயிர்பெற்று நகரங்களுக்கும் பரவியிருக்கிறது. தோழிகள் கூடிச் சாப்பிடுகிறார்கள். நல்ல காரியங்களுக்கு நிதி சேர்க்கிறார்கள்.

இதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டால் மற்ற 364 நாளும் சரியாகிவிடுமா? ஆகாது. இதே அயர்லாந்தில் 1973 வரை, அரச சேவையில் இருந்த பெண் திருமணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்ற விதி இருந்தது. ஆண்டுக்கொரு நாள் தேநீர் குடித்ததால் அந்த விதி மாறவில்லை. பெண்கள் போராடித்தான் மாறியது. ஆனாலும் அந்த ஒரு நாளை நான் சிறிதாக எண்ண மாட்டேன். பண்டிகை தானாக வருவதில்லை, ஒருத்தியின் முதுகின் மேல்தான் வருகிறது என்பதை ஓர் ஊரே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் நாள் அது. அப்படி ஒரு நாள் எங்கள் பஞ்சாங்கத்தில் இல்லை.

நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "பண்டிகை முடியட்டும்" என்று நெஞ்சுநோவையும், மார்பில் தட்டுப்பட்ட கட்டியையும் தள்ளிப்போட்ட பெண்களை எந்த நாட்டு வைத்தியரும் கண்டிருப்பார். பலகாரம் ஒரு நாள் பிந்தலாம். பரிசோதனை பிந்தக்கூடாது.

அயர்லாந்தில் குளிர்காலம் பெப்ரவரி முதலாம் திகதி புனித பிரிஜித் நாளோடு முடிவதாகக் கணக்கு. கோரைப்புல்லில் சிலுவை பின்னி வீட்டில் மாட்டுவார்கள். முதல் நாள் இரவு ஒரு துணியை வெளியே போட்டுவைத்து, அதைத் தலையிடிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் மருந்தாகப் பாவித்தார்கள். 2023 முதல் அது பொது விடுமுறை. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதலாவது பொது விடுமுறை அதுதான்.

எங்கள் சங்கத்துக்கு நூறு வயது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கிளைகள் பரப்பி இருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் வடையும் றோல்சும் செய்து கொண்டுவருபவர்கள் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனவே என் சிறு வேண்டுகோள் இது. தைப்பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையை எல்லாக் கிளைகளும் எங்கள் நாளாக எடுத்துக்கொள்வோம். அன்று எந்தப் பழைய மாணவியும் சமைக்கக் கூடாது. தேநீரை அத்தான்மாரும் பொடியன்களும் ஊற்றட்டும். சீனி கூடிப்போனாலும் குடிப்போம்.