கம்பங்காட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு

(மேலநீலிதநல்லூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஆப்பிரிக்கா என்றதும் நம் பிள்ளைகள் பாலைவனம், சிங்கம், பஞ்சம் என்று முடித்துவிடுகிறார்கள். அங்கே உழுது விதைக்கும் மனிதர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்தப் பாடத்தை நம் கரிசல் காட்டில் தொடங்குங்கள்.

நாம் விதைக்கும் கம்பு, மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் பயிராக்கப்பட்டது. மாலி நாட்டில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய கம்பின் தடயங்கள் கிடைத்துள்ளன. சோளமும் கேழ்வரகும் தட்டைப்பயறும் அந்தக் கண்டம் தந்தவையே.

அதே மாலியில் கூட்டியாலா பகுதியைப் பாருங்கள். நம்மைப் போலவே மானாவாரி. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை; அவர்களுக்குப் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. கம்பும் சோளமும் வீட்டுக்கு, பருத்தி காசுக்கு. நாம் களி கிண்டுவதுபோல அவர்களும் மாவைக் கிண்டிக் குழம்போடு உண்கிறார்கள். ஆனால், அந்நாட்டுப் பருத்தியில் பெரும்பகுதி நூலாகாமல் பஞ்சாகவே ஏற்றுமதியாகிறது. நூற்பு, நெசவு வருமானம் வேறு நாடுகளுக்குப் போகிறது. சங்கரன்கோவில் தறிச் சத்தம் கேட்ட பிள்ளைக்கு இந்த இழப்பு எளிதில் புரியும்.

நாளை வகுப்பில் ஒரு கைப்பிடி கம்பைக் காட்டி, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். நமக்கு விதை கொடுத்த கண்டமாக ஆப்பிரிக்கா அவர்கள் மனத்தில் பதியட்டும்.