மார்பளவில் ஒரு நாடா

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். எவ்வளவு என்பதைச் சோதனைத் துண்டில் அளந்துகொண்டு, அச்சை அதற்கேற்பப் பெரிதாகவே செய்வார்கள். ஒரு தோப்பு எவ்வளவு வளரும் என்று முன்கூட்டிச் சொல்வதும் இதே வழியில்தான்.

ஊரைச் சுற்றியுள்ள தைலமரத் தோப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை மரத்தையும் அளக்க முடியாது. அதனால் அங்கங்கே மாதிரித் திடல் ஒதுக்கி, அதிலுள்ள மரங்களுக்கு எண் போடுவார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் நாடாவைச் சுற்றி அளவெடுப்பார்கள். சில மரங்களை வெட்டித் துண்டு துண்டாக அளந்து, இன்ன சுற்றளவுக்கும் உயரத்துக்கும் இவ்வளவு கட்டை என்று சூத்திரம் கட்டுவார்கள். நாடா பிசகினால் எல்லாம் பிசகும். சுற்றளவு 30 சென்டிமீட்டரிலிருந்து 60 ஆனால், அடிமரத்தின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிவிடும்.

இமயமலையின் ஃபிர் மரங்களில் வேலை சற்று எளிது. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடுவதால் ஆண்டுக்கொரு வளையம் விழும். துளைப்பானால் மெல்லிய குச்சியாக எடுத்து எண்ணிவிடலாம். தைலமரத்தின் வளையங்களை அப்படி நம்ப முடியாது. அதே மரத்திடம் திரும்பத் திரும்பப் போய் அளப்பதுதான் வழி.

அப்படிப் போகிறவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988இல் 50 ஹெக்டேர் காட்டைக் குறித்தார்கள். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதல் எல்லாவற்றுக்கும் அங்கே எண் உண்டு. எது பட்டுப்போனது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். தீ, வறட்சி, யானை என்று சாவுக்குக் காரணம் பல. வளர்ச்சியை மட்டும் கூட்டி, சாவைக் கழிக்காத கணக்கு காட்டுக்கு உதவாது.

தோப்பு வைத்திருக்கிறவர்களும் இதைச் செய்யலாம். வரப்போரத்து மரம் வெயில் வாங்கிப் பருத்திருக்கும். உள்வரிசையிலும் சில மரங்களைச் சேர்த்து, நாலரை அடியில் பெயின்ட் கோடு போடுங்கள். தை தோறும் அதே கோட்டில் அளந்து, உயரத்தையும் குறித்து, கட்டையின் அளவைக் கணக்கிடுங்கள். ஓராண்டில் கூடிய கட்டை, நட்டதிலிருந்து வந்த ஆண்டுச் சராசரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், கட்டைக் கணக்குப்படி அதுவே வெட்டும் பருவம். வியாபாரி விலை பேச வரும்போது உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.